செய்யூர் சவுக்குத் தோப்பு: வெட்டி மறுநடவு செய்வதா, நிலத்தையே விற்பதா?

பெரம்பூர்_வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே, எங்கள் அப்பா விட்டுச்சென்ற 4 ஏக்கர் மணற்பாங்கான நிலம் முழுவதும் சவுக்கு நிற்கிறது. வடக்குப் பக்கம் உள்ள 2 ஏக்கரில் விதை நாற்றிலிருந்து வந்த பழைய சவுக்கு. அதற்கு 5 வயதாகிறது. தெற்குப் பக்கம் உள்ள 2 ஏக்கரில் அப்பா கடைசியாக நட்ட குளோன் கன்றுகள் (விதையிலிருந்து அல்லாமல், தாய்மரத்தின் தண்டுத் துண்டிலிருந்து வளர்த்தவை). அவற்றுக்கு இரண்டரை வயது. இரண்டுமே மீட்டருக்கு மீட்டர் இடைவெளியில் நடப்பட்டவை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இதுவரை உப்பாகவில்லை.

அம்மாவும் நானும் பெரம்பூரில் இருக்கிறோம்; அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். தோப்பைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் எங்களுக்கு நெருங்கிய உறவினர் யாரும் இல்லை. ஒரு மர வியாபாரி, 4 ஏக்கரையும் ஒரே வெட்டாக வெட்டிக்கொள்வதற்கு மொத்தமாக 3,50,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். வேறொரு தரகர், மரத்தோடு சேர்த்து நிலத்தையே ஏக்கர் 20 லட்சத்துக்கு வாங்க ஆள் இருப்பதாகச் சொல்கிறார். விற்றுவிட வேண்டும் என்பது அண்ணனின் கருத்து. அப்பா நட்டதைக் கைவிட அம்மாவுக்கு மனம் வரவில்லை. எனக்கு இரண்டு பக்கத்து நியாயமும் புரிகிறது. ஆனால் எந்த எண்ணை வைத்து இதை முடிவு செய்வது என்று தெரியவில்லை. மரம் வெட்டும் பருவத்தை அடைந்துவிட்டதா, வெட்டினால் மறுபடி நடுவது பயனுள்ளதா, இல்லை விற்பதே சரியா என்று அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அண்ணாநகர்_வனவியலாளர் எழுதியது:

அம்மா, நீங்கள் ஒரே கேள்வியாகக் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மரத்தை எப்போது வெட்டுவது என்பது ஒன்று. நிலத்தை வைத்துக்கொள்வதா என்பது மற்றொன்று. வியாபாரியும் தரகரும் இவை இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் உங்களிடம் பேசுகிறார்கள். அப்படிக் கட்டும்போது, ஒன்றின் அவசரம் மற்றொன்றின் விலையைக் குறைத்துவிடும் என்பதால், முதலில் மரத்தை மட்டும் தனியாகப் பாருங்கள்.

சவுக்கு பார்வைக்கு ஊசியிலை மரம்போல் இருந்தாலும் அது பைன் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்துவதால்தான், வெறும் கடற்கரை மணலிலும் அது இவ்வளவு விரைவாக வளர்கிறது. பைன் மரத்துக்குப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். சவுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். அந்தக் குறுகிய காலத்துக்குள் ஓராண்டு முன்பின்னாக வெட்டுவதுகூடக் கணக்கைப் பெரிதும் மாற்றிவிடும்.

நிற்கும் மரம் அடுத்த ஓராண்டில் எத்தனை விழுக்காடு எடை கூடும் என்பதுதான் நீங்கள் தேட வேண்டிய எண். அந்த விழுக்காடு, வெட்டிய பணத்தை வங்கியில் போட்டால் கிடைக்கும் வட்டியைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருக்கும்வரை மரத்தை நிற்க விடலாம். வட்டிக்கு அருகில் இறங்கிவிட்டால் வெட்டிவிட வேண்டும். ஏனென்றால், அதற்குமேல் நிற்கும் ஒவ்வொரு மாதமும் புயலையும் நோயையும் நீங்கள் கூலியில்லாமல் சுமக்கிறீர்கள்.

அளப்பது கடினமன்று. ஓரத்து வரிசைகளை விட்டு உள்ளே சென்று, 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டத்தைக் கயிறு கட்டி எடுங்கள். அதில் உயிரோடு நிற்கும் மரங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் சுற்றளவையும் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நாடா வைத்து அளந்து சராசரி காணுங்கள். அந்தச் சராசரிச் சுற்றளவுள்ள சில மரங்களை வெட்டி, கிளை கழித்து, தராசில் நிறுத்தி, கிடைக்கும் எடையை மர எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஓர் ஏக்கரில் அப்படிப்பட்ட கட்டங்கள் ஏறத்தாழ 40 இருக்கும். ஒரே கட்டத்தோடு நிறுத்தாமல், நன்றாக வளர்ந்த பகுதி, சோடையான பகுதி என இரண்டிலும் எடுத்தால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

வளர்ச்சியை அறிய வெட்டுமுகத்திலுள்ள வளையங்களை நம்ப வேண்டாம். நம் தட்பவெப்பத்தில் சவுக்கில் ஆண்டு வளையம் ஒழுங்காக விழுவதில்லை. சென்ற ஆண்டு யாராவது அளந்து வைத்திருந்தால் அதுவே சிறந்த சான்று. மரத்தின் எடை, சுற்றளவின் இருமடிக்கு ஏற்ப உயரும். உயரமும் சேர்ந்து வளர்ந்தால் அதைவிடச் சற்றுக் கூடும். ஆகவே சுற்றளவு 10 விழுக்காடு கூடினால் எடை குறைந்தது 21 விழுக்காடு கூடியிருக்கும்.

மரக்காணம்_விவசாயி எழுதியது:

சகோதரி, ஐயா சொன்ன அளவையைக் கட்டாயம் செய்யுங்கள்; அதைச் செய்யாமல் எந்த வியாபாரியிடமும் முன்பணம் வாங்கிவிடாதீர்கள். மொத்த விலை பேசுகிறவர் தோப்பைச் சுற்றி வரும்போதே மனத்தில் டன் கணக்கைப் போட்டுவிடுவார். அந்தக் கணக்கு உங்கள் கையில் இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் விலை.

எடைக்கு விற்பதாக இருந்தால், வெட்டிய மரம் எத்தனை நாளுக்குள் எடை மேடைக்குப் போகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பச்சைச் சவுக்கு வெயிலில் கிடக்கக் கிடக்க ஈரம் வற்றி எடை இறங்கும். அந்த இழப்பு விற்பவர் தலையில்தான் விழும். வண்டி எடை போடும்போது உங்கள் ஆள் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மிளாரும் (கழித்த சிறு கிளைகள்) வேர்க்கட்டையும் யாருக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மிளாருக்கும் வேர்க்கட்டைக்கும் அடுப்பெரிக்கக் கேட்பவர்கள் உண்டு. பேசாமல் விட்டால் அவை வெட்டுகிறவருக்கே போய்விடும்.

எல்லா மரமும் ஒரே விலைக்குப் போக வேண்டியதில்லை. நேராகவும் நீளமாகவும் வளர்ந்த கழிகளுக்குச் சாரம் கட்டவும் பந்தல் போடவும் முட்டுக் கொடுக்கவும் சென்னையில் இன்றும் கேட்பு இருக்கிறது. கட்டடங்களில் இரும்பு ஜாக்கிகள் வந்தபின் அது முன்புபோல் இல்லை என்பதும் உண்மை. மெல்லியதும் கோணலானதும் காகித ஆலைக்குக் கூழ்மரமாகவோ விறகாகவோ போகும். தரம் பிரித்து விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அருகிலிருந்து பார்க்க ஆள் வேண்டும். ஊரில் இல்லாதவர்களுக்கு எடைக்கு விற்பதே ஏற்றது என்பது என் கருத்து.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மரம் வைத்திருப்பவர்களுக்குத் தூக்கம் வராது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி கரையைக் கடந்த தானே புயலில் கடலூர்ப் பக்கம் சவுக்கும் முந்திரியும் பலாவும் ஒரே இரவில் சாய்ந்தன. 2020 நவம்பரில் நிவர் எங்கள் மரக்காணத்துக்கு அருகிலேயே கரையைக் கடந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்துக்கு அருகில் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம் வந்தது. புயலில் முறிந்த மரத்தையும் வாங்குவார்கள், ஆனால் அந்த வாரத்தில் சுற்றுவட்டாரமே விற்க நிற்கும்போது விலை எங்கே நிற்கும்? வெட்ட வேண்டிய மரத்தை ஆகஸ்ட், செப்டம்பருக்குள் வெட்டிவிடுவது நல்லது. மழை தொடங்கிவிட்டால் மணல் தடத்தில் லாரி உள்ளே வராது. நடுவதாக இருந்தாலும், வடகிழக்குப் பருவமழையைப் பிடித்து நட்டால் முதல் சில மாதங்களுக்குத் தண்ணீர்ச் செலவு மிச்சம்.

பெரம்பூர்_வாசகி எழுதியது:

இருவருக்கும் நன்றி. சென்ற வார இறுதியில் அண்ணனும் வந்திருந்தார். இருவருமாகச் சென்று, நீங்கள் சொன்னபடியே கட்டம் எடுத்து அளந்தோம். வடக்குப் பகுதியில் ஒரு கட்டத்துக்கு 100 மரம் இருக்க வேண்டிய இடத்தில் சராசரியாக 70 மரங்கள்தான் நிற்கின்றன. சராசரிச் சுற்றளவு 18 செ.மீ., ஒரு மரம் ஏறத்தாழ 12 கிலோ. தெற்கிலுள்ள குளோன் பகுதியில் 92 மரங்கள். ஒரு மரம் 5 கிலோ.

அப்பாவின் கணக்கு நோட்டில் சென்ற ஆண்டு இதே மாதத்தில் அளந்த குறிப்பும் கிடைத்தது. வடக்குப் பகுதியின் சராசரிச் சுற்றளவு அப்போது பதினேழரை செ.மீ. இருந்திருக்கிறது. தெற்குப் பகுதிக்கு அந்தக் குறிப்பு இல்லை. வடக்கில் சில மரங்களின் பட்டையில் கொப்புளம்போல் வெடித்து, உள்ளே கரித்தூள்போல் கறுப்பாக இருக்கிறது. அந்த மரங்கள் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. இது பெரிய சிக்கலா?

அண்ணாநகர்_வனவியலாளர் எழுதியது:

உங்கள் அப்பா அளந்து எழுதி வைத்தது இப்போது உங்களுக்குப் பேருதவியாகியிருக்கிறது.

வடக்குப் பகுதியில் ஒரு கட்டத்துக்கு 840 கிலோ. ஏக்கருக்கு ஏறத்தாழ 34 டன். பதினேழரையிலிருந்து 18 செ.மீ. என்பது எடையில் ஏறத்தாழ 6 விழுக்காடு உயர்வு. காய்ந்து சாகும் மரங்களைக் கழித்துவிட்டால் அந்த வளர்ச்சி வைப்புநிதி வட்டியைக்கூட எட்டாது. நீங்கள் கண்ட கறுப்புத் தூள், சவுக்கின் கொப்புளப் பட்டை வாடல் நோய்க்குரிய அடையாளம். டிரைக்கோஸ்போரியம் என்னும் பூஞ்சணத்தால் வருவது அது. காயம்பட்ட மரத்தில் எளிதாகப் புகும். மருந்தடித்து மீட்கலாம் என்று எண்ணிச் செலவு செய்ய வேண்டாம். அந்த 2 ஏக்கரையும் இந்த ஆண்டே வெட்டிவிடுங்கள். நோயுள்ள மரங்களை அடிக்கட்டையோடு தோண்டி அப்புறப்படுத்துங்கள்.

தெற்குப் பகுதியின் கதை வேறு. இன்று ஏக்கருக்கு 18 டன்னுக்குச் சற்று மேல் நிற்கிறது. இரண்டரை வயதில் நன்றாக நிற்கும் குளோன் தோப்பு, அடுத்த ஓராண்டில் சுற்றளவில் கால் பங்கு கூடினாலே எடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். எந்த வங்கியும் தராத வளர்ச்சி அது. அதை இப்போது வெட்டுவது வியாபாரிக்கு வசதி; உங்களுக்கு இழப்பு. ஒரே வெட்டில் அதிகச் சரக்கு கிடைப்பதால் வெட்டுக்கூலி குறையும் என்று அவர் வாதிடுவார். அந்த மிச்சம் இந்த வளர்ச்சிக்கு ஈடாகாது.

அவர் சொன்ன விலையையும் இந்த எடையோடு வைத்துப் பாருங்கள். இரு பகுதியும் சேர்த்து ஏறத்தாழ 105 டன் நிற்கிறது. 3,50,000 ரூபாய் என்பது டன்னுக்கு 3,300 ரூபாய் சொச்சம். வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் வாங்குகிறவர் பொறுப்பில் இருக்க, நிற்கும் மரத்துக்கு டன் என்ன விலை என்று உங்கள் வட்டாரத்தில் இன்னும் இருவர் மூவரிடமாவது கேட்டு, அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மயிலாப்பூர்_தணிக்கையாளர் எழுதியது:

வரி, உரிமை ஆகியவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மரத்தைப் பற்றி எனக்கு முன் எழுதியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் உரிமை. அப்பா உயில் எழுதாமல் மறைந்திருந்தால், அவருடைய தாயார் இப்போது இல்லை என்ற நிலையில், உங்கள் அம்மா, அண்ணன், நீங்கள் மூவரும் சமப் பங்காளிகள். மூவரில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு மரத்தைக்கூட விற்கக் கூடாது. பின்னால் வரும் மனத்தாங்கலைப் பணத்தால் ஈடுகட்ட முடியாது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்று, பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றி, வில்லங்கச் சான்றையும் எடுத்து வையுங்கள். பட்டா அப்பா பெயரிலேயே இருக்கும்போது வரும் தரகர், அந்தக் குறையையே காட்டி விலையைக் குறைப்பார்.

அடுத்தது மரத்தின் வருமானம். நிலத்தை உழுது, நட்டு, நீர் பாய்ச்சி வளர்த்த மரத்தின் வருமானம் வேளாண் வருமானம். தானாக முளைத்து வளர்ந்த மரத்தின் வருமானம் அப்படியன்று. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் 1957ஆம் ஆண்டிலேயே தெளிவாக வகுத்துவிட்டது. ஆகவே கன்று வாங்கிய ரசீது, நடவுக் கூலி எழுதிய நோட்டு, சவுக்கு என்று பதிவான அடங்கல் (கிராமப் பயிர்ப் பதிவேடு) ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை. ஆனால் அது 5,000 ரூபாயைத் தாண்டி, உங்களுக்குச் சம்பளம் போன்ற மற்ற வருமானமும் வரிவிலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால், வரி விகிதத்தைக் கணக்கிடுவதற்கு மட்டும் அது சேர்த்துக்கொள்ளப்படும். எனவே அதைக் கணக்குத் தாக்கலில் காட்டுங்கள்.

நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி உண்டா என்பது அது ஊரக வேளாண் நிலமா என்பதைப் பொறுத்தது. 10,000 அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள் தொகையுள்ள நகர்ப்புற உள்ளாட்சியின் (நகராட்சி, பேரூராட்சி போன்றவை) எல்லைக்குள் இருந்தால், அந்த உள்ளாட்சியின் பெயர் எதுவாக இருந்தாலும், அது ஊரக நிலம் ஆகாது. எல்லைக்கு வெளியே இருந்தாலும், அந்த உள்ளாட்சியின் மக்கள் தொகை 1 லட்சம்வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம்வரை என்றால் 6 கிலோமீட்டர், அதற்கும் மேல் என்றால் 8 கிலோமீட்டர் என நேர்க்கோட்டில் அளந்து தள்ளியிருக்க வேண்டும். செய்யூர் வட்டத்தில் இடைக்கழிநாடு பேரூராட்சி கடற்கரையை ஒட்டி நீண்டு கிடக்கிறது என்பதால், உங்கள் புல எண் பேரூராட்சிக்குள்ளா, ஊராட்சிக்குள்ளா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் பெறுங்கள். ஊரக நிலமானால் விற்பனையில் மூலதன ஆதாய வரியே இல்லை. இல்லையென்றால் வரி உண்டு. அப்போது மரத்தை முதலில் தனியாக விற்று, அதை வேளாண் வருமானமாகக் காட்டி, பிறகு வெற்று நிலத்தை விற்பது உங்களுக்கு உதவும். மரத்தோடு சேர்த்து ஒரே விலைக்குப் பத்திரம் போட்டுவிட்டால், எது மரத்தின் விலை என்று பின்னர் பிரித்துக் காட்டுவது கடினம்.

வேளச்சேரி_வாசகர் எழுதியது:

எல்லோரும் மரத்தையே பேசிக்கொண்டிருப்பதால் அண்ணன் பக்கத்து நியாயத்தையும் நான் சொல்ல விரும்புகிறேன். ஏக்கருக்கு 20 லட்சம் என்றால் 4 ஏக்கருக்கு 80 லட்சம். அதை 7 விழுக்காட்டுக்குப் போட்டால் ஆண்டுக்கு 5,60,000 ரூபாய் வருகிறது. இந்தத் தோப்பு எந்த ஆண்டிலும் அவ்வளவு தராது. அம்மாவின் முதுமைக்கும் மருத்துவத்துக்கும் உறுதியான மாத வருமானம் வேண்டும். சென்னையிலிருந்துகொண்டு, வேலி பிரிந்ததா, யாராவது இரவில் மரம் வெட்டினார்களா, மோட்டார் இருக்கிறதா என்று கவலைப்படும் வாழ்க்கையை இரண்டு பேர் குடும்பத்தோடு சேர்த்துச் சுமக்க வேண்டுமா? விற்பதை உணர்ச்சியற்ற செயலாகப் பார்க்கக் கூடாது. அப்பா சம்பாதித்து வைத்தது அம்மாவுக்குப் பயன்பட வேண்டும் என்பதும் பாசம்தான்.

அண்ணாநகர்_வனவியலாளர் எழுதியது:

வேளச்சேரி நண்பரின் கணக்கை நான் மறுக்கப்போவதில்லை. அதை வனவியல் முறையிலேயே சரிபார்க்கிறேன். மார்ட்டின் ஃபாஸ்ட்மன் என்ற ஜெர்மானிய வனவியலாளர் 1849ஆம் ஆண்டில் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு நிலத்தில் காலமெல்லாம் நடுவதும் வெட்டுவதுமாகவே இருந்தால், அந்த வருமானம் முழுவதன் இன்றைய மதிப்பு என்ன என்பதை அது காட்டும். மரத்தொழிலுக்காக மட்டும் அந்த நிலத்தை வாங்குகிறவர் அதற்குமேல் கொடுக்க முடியாது.

ஒரு பேச்சுக்கு, நிற்கும் மரம் டன்னுக்கு 5,000 ரூபாய் என்றும், நல்ல பராமரிப்பில் 4 ஆண்டில் ஏக்கருக்கு 40 டன் என்றும், நடவுக்கும் பராமரிப்புக்கும் 60,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். 4 ஆண்டு கழித்து வரும் 2,00,000 ரூபாய்க்கு, 7 விழுக்காடு வட்டியில் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1,52,600. செலவு போக 92,600. இது 4 ஆண்டுக்கு ஒருமுறை முடிவில்லாமல் தொடர்ந்தால் இன்றைய மொத்த மதிப்பு ஏறத்தாழ 3,90,000 ரூபாய் ஆகிறது. உங்கள் வட்டார விலையை இட்டு நீங்களே மாற்றிக் கணக்கிடலாம். டன் விலையை இரட்டிப்பாக்கினாலும் 20 லட்சத்துக்கு அருகில் வராது.

ஆகவே, அந்த 20 லட்சம் உண்மையான விலை என்றால், மர வருமானத்துக்காக நிலத்தை வைத்திருக்கிறோம் என்று நீங்கள் மூவரும் சொல்லிக்கொள்ள வேண்டாம். நில மதிப்பு மேலும் ஏறும் என்ற எதிர்பார்ப்புக்காகவோ, அப்பாவின் நிலம் குடும்பத்தில் இருக்க வேண்டும் என்ற விருப்பத்துக்காகவோ வைத்திருக்கலாம். இரண்டும் மதிக்கத்தக்க காரணங்களே. அவற்றை மூவரும் வெளிப்படையாகப் பேசிக்கொண்டால் பின்னால் வருத்தம் இருக்காது.

ஆனால் அந்த 20 லட்சம் உண்மையான விலைதானா என்பது எனக்கு ஐயமாக இருக்கிறது. சாலைக்குக் கிழக்கே உள்ள நிலம் என்பதால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பார்க்க வேண்டும். உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல்நீர் ஏறிவரும் உச்ச எல்லை) 500 மீட்டர் வரை கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டரைப் புதுக் கட்டடம் கூடாத பகுதியாக 2011ஆம் ஆண்டு அறிவிக்கை வைத்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் மட்டும் அதை 50 மீட்டராக 2019ஆம் ஆண்டு அறிவிக்கை குறைத்தது. உப்பங்கழியை ஒட்டிய நிலத்துக்கும் விதிகள் உண்டு. விடுதியோ வீடோ கட்ட நினைத்து வருகிற ஒருவர், இந்த வரைபடத்தைப் பார்த்தபின் எழுத்தில் தரும் விலைதான் விலை. தரகர் வாய்மொழியாகச் சொல்வதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

இதிலிருந்துதான் மறுநடவுக் கேள்விக்கு விடை வருகிறது. மறுநடவு உங்களை 4 ஆண்டுக்குக் கட்டிப்போடுகிறது. அடுத்த ஆண்டே நிலத்தை விற்பதாக இருந்தால், ஓராண்டுக் கன்றுக்கு நிலம் வாங்குகிறவர் ஒரு ரூபாயும் கூடுதலாகத் தரமாட்டார். நட்ட செலவு முழுவதும் மண்ணோடு போகும். நிலத்தைப் பற்றி முடிவு செய்யாமல் வடக்குப் பகுதியில் மறுநடவு செய்யாதீர்கள். ஒரு பருவம் வேர்க்கடலையோ தர்பூசணியோ போட ஆள் கிடைத்தால் போடச் சொல்லுங்கள். நோய் இருந்த மண்ணில் உடனே சவுக்கை நடாமல் இடைவெளி விடுவதும் நல்லதே.

நடுவதென்று முடிவானால், வெட்டிய அடிமரம் தானே துளிர்த்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தைல மரம் துளிர்க்கும். நாட்டுச் சவுக்கு அப்படித் துளிர்த்துத் தோப்பாகாது. புதுக் கன்றுதான் நட வேண்டும். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் உருவாக்கிய குளோன்கள் நேராகவும் விரைவாகவும் வளர்கின்றன. ஒரே குளோனை நிலம் முழுவதும் நடாமல் மூன்று நான்கு வகைகளைப் பகுதி பகுதியாக நடுங்கள். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகாது. ஒன்றேகால் அல்லது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டால் கழி பருக்கும், கன்றுச் செலவும் குறையும்.

இன்னொரு வேண்டுகோள்: வடக்குப் பகுதியை வெட்டும்போது கடல் பக்கத்து நாலைந்து வரிசைகளில் நோயில்லாத மரங்களை விட்டுவையுங்கள். உப்புக் காற்றை அவை தடுத்தால்தான் பின்னால் போடும் கடலையும் கன்றும் கருகாமல் நிற்கும். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் அது காப்பு.

மரக்காணம்_விவசாயி எழுதியது:

ஐயா சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நிலத்தை விற்ற பணம் வட்டி தரும், ஆனால் அதே பணத்தில் அதே கடற்கரையில், உப்பேறாத தண்ணீரோடு இன்னொரு 4 ஏக்கர் திரும்பக் கிடைக்காது. எங்கள் பக்கம் விற்றவர்கள் பலர் மறுபடி வாங்க வந்து விலை கேட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். இதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

கடலை போட ஆள் தேடும்போது, ஒரு பருவத்துக்கு மட்டும் என்று தேதி குறிப்பிட்டு எழுத்தில் குத்தகை எழுதுங்கள். வாய்ப்பேச்சில் விட்டு ஆண்டுக்கணக்கில் நீண்டுவிட்டால், சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உரிமை கோரும் நிலை வரலாம். மறுநடவு என்று முடிவானால், காகித ஆலையோடு ஒப்பந்தச் சாகுபடி செய்வதையும் பாருங்கள். கரூர் மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் போன்றவை விவசாயிகளோடு அப்படி ஒப்பந்தம் செய்கின்றன. விலை எப்போது, எந்த அடிப்படையில் நிர்ணயிக்கப்படும், பட்டை உரித்துத் தர வேண்டுமா, வண்டிக்கூலி யாருடையது என்ற மூன்றையும் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். தொலைவில் இருப்பவர்களுக்கு விற்பனைக் கவலை இல்லாமல் இருப்பதே பெரிய நிம்மதி.

பெரம்பூர்_வாசகி எழுதியது:

அம்மா, அண்ணன், நான் மூவரும் உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் வாசித்தோம். அண்ணன் எதிர்பார்த்ததைவிட அமைதியாகக் கேட்டார். அம்மாவும் விற்கவே கூடாது என்ற நிலையிலிருந்து சற்று இறங்கி வந்தார்.

வடக்குப் பகுதியை மட்டும் எடைக்கு விற்கிறோம். மூன்று பேரிடம் விலை கேட்டதில் ஒருவர், வெட்டுக்கூலியும் வண்டிக்கூலியும் தம் பொறுப்பு என்று, டன்னுக்கு முதல் வியாபாரியின் கணக்கைவிட 1,400 ரூபாய் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வேர்க்கட்டையைத் தோண்டி எடுப்பதும் அவர் பொறுப்பு; மிளார் எங்களுக்கு. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வெட்டி முடிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். கடல் பக்கத்து 5 வரிசைகளை விட்டுவிடுகிறோம். தெற்குப் பகுதியைத் தொடவில்லை. அதன் சுற்றளவை அப்பாவின் நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.

வடக்கில் இந்த ஆண்டு மறுநடவு இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் ஒரு பருவம் கடலை போட முன்வந்திருக்கிறார். அதற்குள் பட்டா மாற்றமும் கடலோர மண்டல வரைபடமும் கைக்கு வந்துவிடும். தரகரிடம், வாங்குகிறவர் அந்த வரைபடத்தைப் பார்த்தபின் எழுத்தில் விலை தரட்டும் என்று சொல்லிவிட்டோம். தெற்குப் பகுதி வெட்டுக்கு வரும்போது நிலத்தைப் பற்றி மூவரும் முடிவெடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். அம்மாவின் மருத்துவச் செலவுக்கு இந்த மரப் பணத்தைத் தனியாக வைக்கிறோம். வெட்டு தொடங்குவதற்கு முன் இன்னும் செய்ய வேண்டியது ஏதாவது விடுபட்டிருக்கிறதா?

மரக்காணம்_விவசாயி எழுதியது:

ஒன்று இருக்கிறது, சகோதரி. புல வரைபடத்தை வைத்து நில அளவரைக் கொண்டு நான்கு எல்லைக் கற்களையும் வெட்டுக்கு முன்பே சரிபார்த்து, எல்லை மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். வேர்க்கட்டை தோண்ட ஜேசிபி உள்ளே வந்தால் பழைய கற்கள் பெயர்ந்துவிடும். அதன்பின் பக்கத்து நிலத்தோடு எல்லைத் தகராறு வந்தால் தீர்ப்பதற்கு ஆண்டுகள் ஆகும். அளவருக்கு மனு கொடுத்தால் தேதி கிடைக்கத் தாமதமாகும் என்பதால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.